"சடங்கு" என்ற சொல் பற்றி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் விடுமுறைச் சிறப்புப் பக்கத்தில், நம் மொரிசியஸின் இல் ஓ செர்ஃப் தீவுக்குப் போய்வந்த தங்கள் கட்டுரையாளர், "படகு புறப்படுமுன் நடந்த கால்மணி நேரச் சடங்கு எங்கள் பொறுமையைச் சோதித்தது" என்று எழுதியிருக்கிறார். அந்தத் தீவுக்குப் படகு புறப்படும் ட்ரூ தோ தூஸ் துறையில் 31 ஆண்டுகள் படகோட்டி ஓய்வு பெற்றவன் நான். தைப்பூசக் காவடிக்காகப் பத்து நாள் விரதம் இருப்பவரிடம் போய், இந்தச் சடங்கெல்லாம் எதற்கு என்று கேட்கும் துணிவு அவருக்கு வந்திருக்காது. படகோட்டியிடம் மட்டும் அது எப்படி வந்தது என்று தெரியவில்லை.

அந்தக் கால்மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்பது தாங்கள் அறியாததல்ல. குடும்பத்தோடு என் படகில் வந்த அன்று, நான் முழங்காலிட்டுத் தரைப்பலகையைத் தூக்கி மோந்து பார்த்ததைக் கண்டு தாங்களும் சிரித்தீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே கலைந்து போகாமல் படகின் அடியில் போய்த் தேங்கி, முதல் தீப்பொறிக்காகக் காத்திருக்கும். அதனால்தான் கையில் தூக்கும் தொட்டியைத் துறைமேடையில் இறக்கி வைத்து நிரப்புகிறோம், நிரப்பி முடியும்வரை எவரையும் ஏற்றுவதில்லை. எஞ்சின் உள்ளேயே பதிந்த பெட்ரோல் படகாக இருந்தால், சாவியைத் தொடுமுன் காற்றோட்ட விசிறியைக் குறைந்தது 4 நிமிடம் ஓடவிடுகிறோம். விசிறி ஓடிய பிறகும் மூக்குதான் கடைசித் தீர்ப்பைச் சொல்ல வேண்டும்.

எஞ்சின் கிளம்பிய பிறகும் வேலை முடிவதில்லை. படகின் பின்பக்கம் வெளியே மாட்டிய அவுட்போர்டு எஞ்சினின் பின்புறத்துச் சிறு துளையிலிருந்து தண்ணீர் பென்சில் கனத்தில் சீராகப் பீச்ச வேண்டும். குளிர்விக்கும் நீர் உள்ளே ஓடுகிறது என்பதற்கு அதுவே சாட்சி. ஒரு டிசம்பரில், பெயர் சொல்ல விரும்பாத ஒரு விடுதியின் விருந்தினர் எட்டுப் பேர் ஏறி உட்கார்ந்திருக்க, அந்த நீர் சொட்டுச் சொட்டாக வந்தது. எஞ்சினை நிறுத்திவிட்டு, துளைக்குள் நைலான் தூண்டில் நரம்பை விட்டுக் குடைந்தேன், சரியாகவில்லை. எஞ்சினைச் சாய்த்துத் தூக்கிப் பார்த்தால், நீர் உறிஞ்சும் சல்லடையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பை ஒட்டியிருந்தது. அப்படியே போயிருந்தால், தண்ணீரில்லாமல் பம்பின் ரப்பர்ச் சக்கரம் சில நிமிடங்களில் கருகி, தென்கிழக்குக் காற்றில் பவளப்பாறைப் பக்கமாக நாங்கள் அடித்துச் செல்லப்பட்டிருப்போம். விடுதி அலுவலரோ கைக்கடிகாரத்தைக் காட்டி, "அதைத் தீவுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாமே" என்றார். மறுவாரத்திலிருந்து அவர் ஆட்களை அனுப்பியது வேறொரு படகுக்கு. அந்தப் படகில் ஒரு நாள், கரையேற்றிக் கழுவியபோது திறந்த வடிகால் தக்கையைத் திரும்பப் பொருத்த மறந்து, பயணிகளின் கணுக்கால்வரை தண்ணீர் ஏறியது. நல்ல வேளையாகக் கரைக்கு இருபது முழத்துக்குள் தெரிந்துபோயிற்று.

இதையெல்லாம் விவரித்து இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே தங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். பெரியவர்களின் உயிர்காப்பு அங்கியைச் சிறு பிள்ளைக்கு மாட்டினால், தண்ணீரில் விழுந்ததும் அங்கி மிதக்கும், பிள்ளை கீழே நழுவிவிடும் என்பதையும் அதில் எழுதியிருந்தேன். அது வெளிவரவில்லை, இடமில்லாமல் போயிருக்கும். அதே இதழில் கடற்கரை விருந்துக்கு இரண்டு முழுப் பக்கம் இருந்தது.

இந்த முறை என்னை உண்மையில் வருத்தியது அந்தக் கட்டுரையைவிட அதனுடன் வந்த படம்தான். படகு வேகமெடுத்து மூக்கைத் தூக்கிப் பாய்கிறது. ஓட்டும் இளைஞர் சிரிக்கிறார். எஞ்சினை நிறுத்தும் சிவப்புச் சுருள்கயிறு அவர் காலிலும் இல்லை, இடுப்பிலும் இல்லை, சுக்கானுக்குப் பக்கத்தில் அலங்காரமாகத் தொங்குகிறது. ஓட்டுபவர் தவறி விழுந்தால் அந்தக் கயிறு இழுபட்டு எஞ்சின் அணையும்; மாட்டாவிட்டால், ஆளில்லாத படகு வட்டமடித்து, விழுந்தவர்கள் மேலேயே திரும்பி வரும். 2013 மே மாதம் இங்கிலாந்தின் பாட்ஸ்டோ அருகே ஒரு குடும்பத்தின் ஆறு பேர் தூக்கியெறியப்பட்டபோது நடந்தது அதுதான். தந்தையும் எட்டு வயது மகளும் மாண்டார்கள். அந்தப் படகிலும் கயிறு இருந்தது, மாட்டப்படவில்லை. அமெரிக்காவில் 26 அடிக்குக் குறைவான படகுகளில், வேகமாகச் செல்லும்போது அதை மாட்டியிருக்க வேண்டும் என்று 2021 ஏப்ரல் முதல் சட்டமே இருக்கிறது. நம் பத்திரிகையில் மட்டும் அது சடங்கு.

மன்னிப்போ மறுப்போ நான் கேட்கவில்லை. கட்டுரையாளரின் பொறுமையை மேலும் சோதிக்க எனக்கு விருப்பமில்லை. அடுத்த முறை ஓடும் படகின் படத்தை அச்சுக்கு அனுப்புமுன், அந்தச் சிவப்புக் கயிறு ஓட்டுபவரின் உடம்பில் மாட்டியிருக்கிறதா என்று மட்டும் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குக் கால்மணி நேரம் ஆகாது.

தங்கள் நீண்டநாள் வாசகன்,
ஓய்வு பெற்ற படகோட்டி,
ட்ரூ தோ தூஸ், மொரிசியஸ்