காய்ச்சல் விட்ட நாளில் ஹெமட்டோக்ரிட் பாருங்கள்

மதிப்பிற்குரிய மாவட்ட சுகாதார அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். பருவமழை தொடங்கியதிலிருந்து எங்கள் வட்ட மருத்துவமனையின் காய்ச்சல் பிரிவு எந்த நிலையில் இருக்கிறது என்பது நாங்கள் சொல்லித் தாங்கள் அறிய வேண்டியதன்று. ஆகவே நேரே வேண்டுகோளுக்கு வருகிறேன். டெங்கு நோயாளியின் பரிசோதனைச் சீட்டில் பிளேட்லெட் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் ஹெமட்டோக்ரிட் அளவையும், அதாவது இரத்தத்தின் கன அளவில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்பதையும், எழுதித் தரச் சொல்லுங்கள். காய்ச்சல் விட்ட நாளிலும் அதற்கடுத்த நாளிலும் மாலையில் மீண்டும் ஒருமுறை அந்தப் பரிசோதனை நடக்க ஏற்பாடு செய்யுங்கள்.

எங்கள் தெருவில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பெண்ணுக்கு ஐந்தாம் நாள் காலையில் உடல் சூடு தணிந்தது. ஆனால் வாந்தி நிற்கவில்லை. வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுத்தவள் கூப்பிட்டால்கூடச் சரியாகப் பதில் சொல்லவில்லை. தாயார் இதைச் சொன்னபோது, "காய்ச்சல்தான் விட்டுவிட்டதே, பிளேட்லெட்டும் எண்பதாயிரம் இருக்கிறது" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். விடாத வாந்தி, வயிற்று வலி, அசதி ஆகிய மூன்றையும் உலக சுகாதார நிறுவனம் 2009ஆம் ஆண்டிலேயே டெங்குவின் எச்சரிக்கை அறிகுறிகளில் சேர்த்திருக்கிறது. அன்றிரவு கைகால் சில்லிட்டுப்போய் 108 ஊர்தியில் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு சென்றபோது அவளுடைய ஹெமட்டோக்ரிட் 49. முதல் நாள் அறிக்கையில் அது 38ஆக இருந்திருக்கிறது. பிழைத்துக்கொண்டாள்.

காய்ச்சல் தணியும் வேளையில்தான், பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், இரத்தக் குழாய்களிலிருந்து பிளாஸ்மா எனும் இரத்தத்தின் நீர்ப்பகுதி கசியத் தொடங்குகிறது என்பதும், அந்தக் கசிவு 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கிறது என்பதும், ஹெமட்டோக்ரிட் முன்பிருந்த அளவில் 20 சதவீதம் உயர்ந்தால் இரத்தம் கெட்டிப்படுகிறது என்று பொருள் என்பதும் தங்கள் துறை மருத்துவர்கள் படித்துத் தேறிய பாடம். பிளேட்லெட்டை எண்ணும் அதே இயந்திரம் அதே இரத்தத் துளியிலிருந்து ஹெமட்டோக்ரிட்டையும் அச்சிட்டுத் தருகிறது. அதைச் சீட்டில் எடுத்தெழுத மை மட்டும் போதும். நிதி ஒதுக்கீடு தேவையில்லை.

ஒற்றை எண்ணையே காட்டிப் பழக்கியதன் விளைவு, பிளேட்லெட் பங்குச்சந்தைப் புள்ளியைப் போல வாட்ஸ்அப்பில் ஏறி இறங்குகிறது. இரத்தக்கசிவே இல்லாத நோயாளிக்கும் பிளேட்லெட் ஏற்றச் சொல்லி உறவினர்கள் மன்றாடுகிறார்கள். பிளாஸ்மா கசிவை அது நிறுத்தாது என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லை. தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர் நின்றதற்கு எங்கள் வீடுகளுக்கு அபராதம் விதிக்க மட்டும் ஆள் இருக்கிறது. மருத்துவமனைப் பின்கட்டில் கிடக்கும் உடைந்த கழுவுதொட்டிகளில் மழைநீர் நிற்கிறதே, அங்கே முட்டையிடும் ஏடிஸ் கொசுவுக்கு விதிவிலக்கு ஆணை ஏதேனும் வழங்கப்பட்டிருக்கிறதா என்பதைத் தாங்கள்தாம் தெரிவிக்க வேண்டும்.

கடுமையாக எழுதிவிட்டிருந்தால் பொறுத்தருளுங்கள். இரவு பகல் பாராமல் ஓடும் செவிலியர்கள் மீதோ ஆய்வக நுட்பநர்கள் மீதோ எங்களுக்குக் குறையில்லை. மதியத்தோடு ஆய்வகம் பூட்டப்படுவது அவர்கள் எடுத்த முடிவன்று. மழைக்காலம் முடியும்வரையாவது மாலை நேரத்துக்கு ஒரு நுட்பநரைப் பணியமர்த்தி, சீட்டில் இரண்டு அளவுகளையும் முந்தைய நாள் அளவோடு சேர்த்து எழுதித் தருமாறு ஆணையிட வேண்டுகிறோம். அந்த ஆணையின் நகலை மருத்துவமனை அறிவிப்புப் பலகையிலும் ஒட்டச் செய்தால் நன்றியுடையவர்களாவோம்.

இப்படிக்கு,
வட்ட மருத்துவமனையை நம்பியிருக்கும் ஊர்மக்கள் சார்பில் ஒருவர்