கஜானாவோடு நின்றுவிடும் காப்பீடு

உலக வங்கியின் பேரிடர்ப் பத்திரப் பிரிவுக்கும், கரீபியன் பேரிடர் காப்பீட்டு நிதியமான சி.சி.ஆர்.ஐ.எஃப். நிர்வாகத்துக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியவர்களே,

2025 அக்டோபரில் மெலிசா புயல் ஜமைக்காவைப் புரட்டிப்போட்டது. பேரிடர்ப் பத்திரம் என்பது முதலீட்டாளர்கள் முன்பே போட்டுவைக்கும் பணம்; ஒப்பந்தத்தில் எழுதிய அளவுக்குப் புயல் கடுமையாக இருந்தால் அது நாட்டுக்குப் போகும், இல்லாவிட்டால் அவர்களுக்கே திரும்பும். ஜமைக்காவுக்கு அந்தப் பத்திரத்தின் 15 கோடி டாலரும் முழுதாகக் கிடைத்தது. இன்று அது வெற்றிக் கதை. மகிழ்ச்சி. 2024 ஜூலையில் பெரில் புயல் வந்தபோது இதே பத்திரம் ஒரு சென்ட் கூடத் தரவில்லை என்பதையும் அந்தக் கதையோடு சேர்த்துச் சொல்லுங்கள்.

காரணம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. புயலின் மையக் காற்றழுத்தம் (அது குறையக் குறையப் புயல் கடுமை) நீங்கள் எழுதிவைத்த அளவுக்குக் கீழே இறங்கவில்லை. ஜமைக்காவுக்கே காய்கறி தருகிற செயின்ட் எலிசபெத்தில் கூரைகள் பறந்தன, பயிர் அழிந்தது, டிரெஷர் பீச் மீனவர்கள் தொழிலை இழந்து நின்றார்கள். முதலீட்டாளர்களின் அசல் மட்டும் பத்திரமாக இருந்தது.

சரி, பணம் வந்தால் எங்கே போகிறது? நிதியமைச்சகத்துக்கு. சாலை, பள்ளிக்கூடம் எல்லாம் சரிசெய்ய வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் புயல் முடிந்த மறுவாரமே விதையும் உரமும் வாங்கினால்தான் சிறு விவசாயிக்கு அடுத்த விளைச்சல். அவருக்குக் காப்பீடு கிடையாது. கடன் கேட்டுப் போனால் வங்கியில் வருமானச் சான்று கேட்பார்கள். சந்தையில் கைக்காசுக்கு விற்பவர் எந்தச் சான்றைக் காட்டுவார்? இருந்த நாலு காகிதமும் கூரையோடு போயிருக்கும். அப்புறம் கடைக்காரரிடம் கடனுக்கு வாங்க வேண்டியதுதான். டெல்டாவில் பயிர்க் காப்பீட்டுப் பணத்துக்காகக் காத்திருந்தவர்களைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால் எனக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் புரியும்.

நான் கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு பாலிசியிலும், ஒவ்வொரு பத்திரத்திலும், ஒரு பங்கு மீனவருக்கும் சிறு விவசாயிக்கும் நேரடியாகப் போய்ச் சேர வேண்டும் என்று எழுதுங்கள். வழி தெரியாமல் இல்லை. 2019இல் கிரெனடாவிலும் செயின்ட் லூசியாவிலும் மீனவர்களுக்கென்று 'கோஸ்ட்' காப்பீட்டைத் தொடங்கியது நீங்கள்தானே? யார் யாருக்குப் பணம் போக வேண்டும் என்று முன்கூட்டியே பட்டியல் போட வைத்தவர்களும் நீங்கள்தான். அது ஏன் இன்னும் தனி முயற்சியாகவே நிற்கிறது?

மெலிசாவின் சேதம் சுமார் 880 கோடி டாலர் என்று மதிப்பிட்டார்கள். உங்கள் இரு தரப்பும் சேர்ந்து கொடுத்தது ஏறக்குறைய 24 கோடி. நூற்றுக்கு மூன்று கூட இல்லை. உலகத்தைச் சூடாக்கியது பெரிய நாடுகளின் புகை, அதற்கு வருஷா வருஷம் பிரீமியம் கட்டுவது தீவு. காற்றழுத்தத்தை ஒவ்வொரு மில்லிபாராக அளக்கத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கணக்கு மட்டும் கண்ணில் படவில்லை போலிருக்கிறது. புயலே, அடுத்த முறை ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு வா என்று சொல்லலாமா?

கொஞ்சம் கோபமாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது பணிவாகத்தான். இனி எழுதும் பத்திரங்களில் பெரில் மாதிரியான புயலுக்கும் ஓரளவாவது பணம் வரும்படி படிப்படியான அளவுகள் வையுங்கள். வருவதில் ஒரு பங்கை உழைப்பவர் கைக்கே நேரடியாக அனுப்புங்கள். வங்கிக் கணக்கு இல்லாதவர்களுக்கு, அடுத்த புயல் பருவம் ஜூனில் தொடங்குவதற்கு முன்பே கணக்கைத் திறந்து கொடுக்க அந்தந்த அரசுகளோடு பேசுங்கள்.

இப்படிக்கு,
டெல்டாவிலிருந்து ஒரு வாசகன்