'மரபணு மாற்றப்பட்ட வைரஸ்' என்று போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இதழில், உருமாறிய கொரோனா வைரஸ் பற்றிய செய்தியில் 'மரபணு மாற்றப்பட்ட வைரஸ்' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். மாற்றப்பட்ட என்றால் யாரோ உட்கார்ந்து மாற்றினார்கள் என்றுதானே பொருள்? ஆய்வகத்தில் வேறோர் உயிரின் மரபணுவைச் சேர்த்து உருவாக்கிய பி.டி. பருத்திக்கு உரிய சொல் அது. வைரஸ் தன் மரபணு வரிசையைப் படியெடுக்கும்போது தானாக விழும் எழுத்துப் பிழைக்கு, சடுதிமாற்றம் என்று பள்ளிப் பாடநூலிலேயே சொல் இருக்கிறது. அது தங்களுக்குத் தெரியாது என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

2021-லும் இதே சொல்லைத்தான் போட்டீர்கள். குடியாத்தத்தில் இருக்கும் என் தங்கை அந்தப் பக்கத்தை நாலாக மடித்துக் கொண்டுவந்து, "பேப்பர்லயே போட்டிருக்காங்கண்ணா, யாரோ செஞ்சு விட்டதுதான். ஊசியும் அவங்க செய்றதுதானே?" என்றாள். எவ்வளவோ கெஞ்சினேன். போட்டுக்கொள்ளவே இல்லை. பதினோரு நாள் ஆக்சிஜனில் கிடந்து பிழைத்தாள். அப்போதே தங்களுக்கு எழுதினேன். கடிதம் அச்சில் வரவில்லை, அந்த வாரம் ஒரு நடிகர் வீட்டு நாய்க்குட்டிக்கு அரைப் பக்கம் வந்தது.

வேலூரில் ஆய்வக வேலையிலேயே தலை நரைத்தவன் நான். தொண்ணூறுகளில் மரபணு வரிசை கோடு கோடாகப் பதிந்த எக்ஸ்ரே பிலிமை விளக்குப் பெட்டிமேல் வைத்து, ஸ்கேல் பிடித்து, மரபணுவின் நாலு எழுத்தான ஏ, சி, ஜி, டி என்று ஒருவர் படிக்க இன்னொருவர் எழுதுவோம். சில நூறு எழுத்துக்கே ஒரு பொழுது போய்விடும். கோடு மங்கலாக இருந்தால் மாற்றம் என்று எழுதிவிட மாட்டோம். மறுபடி ஓட்டிப் பார்ப்போம். இன்று இயந்திரம் துண்டு துண்டாகப் படிக்கிறது. அந்தத் துண்டுகளை ஏற்கெனவே தெரிந்த மூல வரிசையோடு பொருத்துகிறார்கள். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தும் வேறுபாடு நின்றால்தான் அது சடுதிமாற்றம்.

'வைரஸ் முற்றிலும் மாறிவிட்டது' என்றும் எழுதியிருக்கிறீர்கள். கொரோனா வைரஸில் சுமார் 30,000 எழுத்து. ஒமைக்ரான் முதலில் வந்தபோது அதிலேயே ஏறக்குறைய 50 மாற்றம்தான். அதில் முப்பதுக்கு மேல், வைரஸ் நம் செல்லைப் பற்றிக்கொள்ள உதவும் முள் போன்ற ஸ்பைக் புரதத்தில். எந்த இடம் என்பதல்லவா முக்கியம்? போலியோ சொட்டு மருந்தில் இருக்கும், வீரியம் குறைத்த மூன்றாம் வகை வைரஸில், சுமார் 7,400 எழுத்தில் 472-வது ஒன்று மட்டும் பழையபடி திரும்பினாலே நரம்பைத் தாக்கும் வீரியம் கூடுகிறது.

1986-ல் சென்னையிலிருந்து ரயிலில் வந்த ரத்த மாதிரிகளைச் சோதித்து, இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை முதலில் கண்ட ஊர் வேலூர். இந்த ஊர்ப் பதிப்பிலேயே இப்படி வருவது நெஞ்சை அறுக்கிறது.

ஞாயிறு செய்திக்கு ஒரு திருத்தம் போடுங்கள். மூலையில் நாலு வரி போதும். கத்தரித்துக் குடியாத்தத்துக்கு அனுப்ப வேண்டும்.

ஓய்வுபெற்ற ஆய்வக ஊழியர்,
காட்பாடி.