கியர் எண்ணெயின் நிறம் பார், மகன்

அன்பு மகனுக்கு,

ஒக்டோபர் பிறந்தும் படகு இன்னும் ஒன்ராறியோவின் சிம்கோ ஏரியிலேயே நிற்கிறது என்று தங்கச்சி சொன்னாள். ஏரி உறைய ஜனவரி ஆகலாம். எஞ்சினுக்குள் தேங்கிய கொஞ்சத் தண்ணீருக்கு அவ்வளவு காலம் வேண்டாம், சைபருக்குக் கீழே போகிற இரண்டொரு இரவு போதும். உறையும்போது தண்ணீர் ஒன்பது வீதம் பருக்கும், அலுமினியம் வெடிக்கும்.

ஊரில், மயிலிட்டியில், மண்ணெண்ணெய் எஞ்சினை நல்ல தண்ணீரில் ஓடவிட்டு உப்பைக் கழுவினால் வேலை முடிந்தது. இங்கே கனடாவில் அப்படியில்லை.

படகின் பின்பக்கம் வெளியே பூட்டுகிற அவுட்போர்ட் எஞ்சின்தானே, நிமிர்த்தி வைத்தால் வடிந்துவிடும் என்பாய். குளிர்விக்கிற தண்ணீர் வடியும், சரி, ஆனால் கியர் பெட்டிக்குள் போன தண்ணீர் வடியாது. நீ கோடை முழுக்கத் தூண்டில் போட்டவன், அறுந்த தங்கூசி நூல் புரொப்பெல்லர் தண்டில் சுற்றி, தண்ணீர் புகாமல் காக்கும் சீல் வளையத்தை வெட்டியிருக்கலாம், அதுதான் எனக்குக் கவலை. புரொப்பெல்லரைக் கழற்றிப் பார். பிறகு கியர் பெட்டியின் கீழ்த் திருகாணியையும் மேல் திருகாணியையும் கழற்றி எண்ணெயை இறக்கு. கறுப்பாக வந்தால் பயமில்லை, பால் தேத்தண்ணி நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் இருக்கிறது, சீல் மாற்றாமல் பூட்டி வைக்காதே. புது எண்ணெயைக் கீழ்த் துளையால் ஏற்று, மேலால் வழியும்வரை, அப்போதுதான் காற்று நிற்காது. மேல் திருகாணியை முதலில் பூட்டு, வோஷர் இரண்டும் புதிதாகப் போடு.

இதற்கெல்லாம் முதல் பெற்றோலில் அது கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் கலந்து, தண்ணீர்க் குழாயை மாட்டி, எஞ்சினைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிடு, கலந்த பெற்றோல் அதை உள்ளே பீச்சுகிற இன்ஜெக்டர்வரை போக வேண்டும். தண்ணீரில்லாமல் ஒரு நிமிடமும் ஓட்டாதே, பம்பின் ரப்பர் கருகும். அந்தச் சூட்டோடேயே எஞ்சின் எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்று, பாவித்த எண்ணெயில் இருக்கும் அமிலம் பனிக்காலம் முழுக்க உள்ளே கிடந்து இரும்பைத் தின்னக் கூடாது. அப்புறம் பட்டரியைக் கழற்றி முழுதாகச் சார்ஜ் செய்து வீட்டுக்குள் வை, சார்ஜ் இறங்கியதுதான் உறையும்.

ட்ரெய்லரில் எஞ்சினைச் சாய்த்து விட்டுவிடாதே, மழைத்தண்ணீர் புரொப்பெல்லரின் நடுக்குழியில் தேங்கும்.

சனிக்கிழமை கியர் எண்ணெயை இறக்கும்போது ஒரு வெள்ளைக் கோப்பையில் பிடித்துப் படம் எடுத்து அனுப்பு, நிறத்தைப் பார்த்துச் சொல்கிறேன். எதற்கும் திருத்துகிறவரிடம் இப்போதே ஒரு நாள் கேட்டு வை, எல்லோரும் படகை ஏற்றத் தொடங்கினால் இடம் கிடைக்காது.

அப்பா