விட்ட இழையை எடு

அன்புள்ள தம்பிக்கு,

கொரோனா ஊரடங்கு நாட்களுக்காக எழுதிச் சுவரில் ஒட்டிய அட்டவணையை நான்காம் நாளே கிழித்துவிட்டதாக நேற்றிரவு நீ தொலைபேசியில் சொன்னபோது, உன் குரலில் இருந்த குற்றவுணர்வு என்னை வெகுநேரம் உறங்கவிடவில்லை. காலை 5 மணிக்கு எழுந்து உடற்பயிற்சி, பிரெஞ்சு, கிதார், ஓவியம், பிறகு 50 பக்கம் வாசிப்பு என்று ஒரே நாளில் தொடங்கினால் யாரால்தான் தாக்குப்பிடிக்க முடியும்?

நியூட்டனை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது என்றாய். 1665இல் கொள்ளைநோயால் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் மூடப்பட்டு அவர் ஊர் திரும்பியதும், நுண்கணிதம், ஒளி, ஈர்ப்பு ஆகியவற்றைப் பற்றி அங்கே ஆழ்ந்து சிந்தித்ததும் உண்மைதான். ஆனால் அவர் ஊருக்குப் போவதற்கு முன்பே கணிதத்தில் மூழ்கியிருந்தார் என்பதையும், ஈர்ப்பைப் பற்றிய அவருடைய பெருநூல் 1687இல்தான் வெளிவந்தது என்பதையும் அந்தக் கதையைப் பகிர்பவர்கள் சொல்வதில்லை. கையில் ஏற்கெனவே இருந்த இழையை விடாமல் நூற்கும் வாய்ப்பையே அந்தத் தனிமை அவருக்குக் கொடுத்தது.

உனக்கும் அப்படியோர் இழை இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஆசையோடு தொடங்கி, நேரமில்லை என்று பாதியில் விட்ட பிரெஞ்சை எடுத்துக்கொள். மற்றவை இப்போது வேண்டாம். அதையும் ஒரே மூச்சில் நான்கு மணி நேரம் படிக்காதே. பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து நினைவாற்றலை அளந்து, 1885இல் முடிவுகளை வெளியிட்ட ஜெர்மன் உளவியலாளர் எபிங்காஸ், கற்றதில் பெரும்பகுதி முதல் நாளுக்குள்ளேயே மறந்துபோவதையும், பல நாட்களுக்குப் பிரித்துப் படிப்பது ஒரே அமர்வில் படிப்பதைவிட நன்றாக நிலைப்பதையும் கண்டார். நாளுக்கு அரை மணி நேரம் போதும். முதல் பத்து நிமிடம் நேற்றைய பாடத்துக்கு.

எந்நேரமானாலும் சரி, எழும் நேரத்தை மட்டும் மாற்றாதே. வெளியே போக வேண்டிய கட்டாயம் நின்றதும் உறக்கம் நாளுக்கு நாள் பின்னால் நகர்கிறது. காலை வெளிச்சமே உடலின் கடிகாரத்தைத் திருத்துகிறது என்பதால், எழுந்தவுடன் சன்னலருகே சற்று நேரம் உட்கார். செய்திகளை நாளுக்கு ஓரிரு முறை, குறித்த நேரத்தில் மட்டும் பார்த்தால் போதும் என்று உலக சுகாதார நிறுவனமே 2020 மார்ச்சில் அறிவுறுத்தியது.

இன்னொன்றும் உண்டு, என் மனத்துக்கு மிக நெருக்கமானது இதுதான். பரணில் இருக்கும் பழைய புகைப்படப் பெட்டியை இறக்கி, அம்மாவின் அருகில் உட்கார்ந்து, யார் யார் என்று கேட்டு ஒவ்வொரு படத்தின் பின்புறமும் பென்சிலால் மெல்ல எழுதி வை. அந்த முகங்களில் பாதிப் பேரை எனக்கே தெரியாது. அம்மாவைத் தவிரக் கேட்பதற்கு வேறு யாரும் இப்போது நமக்கு இல்லை. பயனுள்ளதாக எதுவும் செய்யவில்லையே என்று நீ வருந்தும் மாலை நேரங்களை இதற்குக் கொடு.

ஞாயிறு மாலை அழைக்கிறேன். பிரெஞ்சில் ஒரு பத்தி வாசித்துக் காட்டு. அம்மாவிடம் கேட்டறிந்த பெயர்களையும் சொல்.

அன்புடன்,
அக்கா