ஷியும் த்சுவும்

ஹமாமத்சு, ஜப்பான்
ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

செல்வி எழுதுவது. நான் நலம். இட்லிப்பொடி வந்து சேர்ந்தது, பாதி காலி. கால் வெடிப்பு ஆறிவிட்டது என்று அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

போன வாரம் எங்கள் முதியோர் இல்லத்தில் ஒரு கூத்து. நைட் டூட்டி முடிந்து கிளம்பும்போது, மெத்தை விரிப்பு மாற்ற வேண்டும் என்று சீட்டு எழுதி வைத்தேன். விரிப்புக்கு இங்கே 'ஷீத்சு' என்பார்கள். நம் பெட்ஷீட்டில் இருக்கிற ஷீட்தான். வெளியூர்ச் சொல் என்பதால் இவர்களின் எழுத்துவகைகளில் ஒன்றான கதகானாவில் எழுத வேண்டும். நான் எழுதியது 'த்சூஷி' ஆகிவிட்டது. மறுநாள் போனால் எல்லாரும் சீட்டை வைத்துக்கொண்டு சிரிக்கிறார்கள்.

'ஷி', 'த்சு' இரண்டு எழுத்துக்கும் அதே மூன்று கோடுதான் அப்பா. இரண்டு குட்டி, ஒன்று நீளம். 'ஷி'யில் குட்டிகள் இடப்பக்கம் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும், நீளக்கோடு கீழேயிருந்து வலப்பக்கமாக மேலே ஏறும். 'த்சு'வில் குட்டிகள் தலையில் பக்கம் பக்கமாக நிற்கும், நீளக்கோடு மேலேயிருந்து இறங்கும். நான் அச்சைப் பார்த்துப் படம் போல வரைந்துகொண்டிருந்தேன். சனிக்கிழமை வகுப்பு எடுக்கும் பாட்டி தாளைப் பார்த்ததும், "மேலேயிருந்து இழுத்திருக்கிறாய்" என்றார். பென்சிலை வைத்த இடம் தடிப்பாகவும் எடுத்த இடம் கூராகவும் இருக்குமாம். நீங்களும் கடைப் பலகையில் எழுத்தின் வாலைப் பார்த்தே யார் கை என்று சொல்வீர்களே!

அடிப்படை எழுத்து 46தான். 9ஆம் நூற்றாண்டு வாக்கில் புத்த பிக்குகள் சூத்திரங்களின் ஓரத்தில் குறிப்பெழுத, சீன எழுத்திலிருந்து ஒரு துண்டை மட்டும் கிள்ளி எடுத்ததாம் இது. வரிசையைக் கேளுங்கள்: அ, க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. அந்த 'ஹ' ஒரு காலத்தில் 'ப'வாம். நம் அரிச்சுவடிதான்! பிக்குகள் சமஸ்கிருத எழுத்துப் படித்ததால் வந்த வரிசை என்கிறார்கள். எனக்கு அதனால் மனப்பாடம் இரண்டே நாளில் முடிந்தது. கைதான் வரவில்லை.

பல படிவங்களில் பெயருக்கு மேலே கதகானாவில் உச்சரிப்பு எழுதக் கட்டம் இருக்கிறது. இவர்களுக்கு 'ல்' கிடையாது, 'ரு'தான். 'வி'யும் 'பி' ஆகிவிடும். ஆக நான் இங்கே 'செருபி'. மரியாதைக்குப் பெயரோடு 'சான்' சேர்ப்பார்கள். செருபி சான், செருபி சான் என்று கூப்பிடுவதை நம் தெருவில் யாராவது கேட்டால் காலைக் குனிந்து பார்ப்பார்கள்.

ஃபிளெக்ஸ் வந்தபிறகு நீங்கள் பிரஷையே தொடுவதில்லை என்று தம்பி சொன்னான். இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். மேலே ஷி, கீழே த்சு, அம்புக்குறியும் போட்டிருக்கிறேன். பெரிய பிரஷில் எழுதுங்கள், தம்பியை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பாட்டியிடம் காட்ட வேண்டும். அம்புக்குறியைப் பார்க்காமல் எழுதிவிடாதீர்கள்.

அன்பு மகள்,
செல்வி