டொமைன் யார் பெயரில் இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

தாராவி, மாதுங்கா, செம்பூர் பக்கம் நம்மவர்கள் நடத்தும் கடைகளிலும் பட்டறைகளிலும் இப்போது விசிட்டிங் கார்டில் கடைப் பெயரிலேயே மெயில் முகவரி போடுகிறார்கள், பார்க்க சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் அந்த முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர், அதாவது டொமைன், யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று கேட்டால் பாதிப் பேர் "வெப்சைட் செய்து கொடுத்த தம்பிக்குத்தான் தெரியும்" என்கிறார்கள். இது ஆபத்து.

டொமைனை ஒரு தடவை வாங்கினால் ஆயுசுக்கும் நமக்கு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, கெடு முடிவதற்குள் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். தவறினால் கொஞ்ச நாள் அவகாசம், அப்புறம் யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரை எடுத்துக்கொள்ளலாம். எடுத்தவர், மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்டைத் தன் சர்வர் பக்கம் திருப்பிவிட்டால் அதன்பிறகு உங்களுக்கு வர வேண்டிய மெயில் எல்லாம் அவருக்குப் போகும், அந்த முகவரியை எந்தெந்தக் கணக்குக்கெல்லாம் கொடுத்திருக்கிறீர்களோ அத்தனையிலும் பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று அவர் ஒரு பொத்தானை அழுத்தினால் புது பாஸ்வேர்டு லிங்க்கும் அவர் கைக்குத்தான். எனக்குத் தெரிந்த தோல் பை வியாபாரி ஒருவருக்குப் புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல்கள் எல்லாம், வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்ட டிசைனரின் மெயிலுக்கே போயிருக்கின்றன. பெயர் கைவிட்டுப் போனது. வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டுப் புது முகவரி சொன்னார் மனுஷர்.

ஆகவே ரெஜிஸ்ட்ரார் கணக்கு, அதாவது டொமைனைப் பதிவு செய்து தரும் நிறுவனத்தில் உள்ள கணக்கு, உங்கள் பெயரில், உங்கள் மொபைல் எண்ணில் இருக்கட்டும். டிசைனர் பெயரில் இருந்தால் உறவு நன்றாக இருக்கும்போதே கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். முக்கியமாக, அந்தக் கணக்கில் லாகின் செய்ய அதே டொமைனின் மெயிலைக் கொடுக்காதீர்கள். டொமைன் நின்றால் மெயிலும் நிற்கும், மீட்கும் வழியும் அதோடு போய்விடும். தனியாக ஒரு ஜிமெயிலோ வேறு முகவரியோ கொடுங்கள். ஆட்டோ ரினியூவல் போட்டிருந்தாலும் கார்டு காலாவதியானால் அது வேலை செய்யாது, அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று, அனுப்பும் பில் எல்லாம் ஸ்பேமில் விழுகிறது என்பவர்கள் மெயில் நிஜமாகவே தங்கள் டொமைனிலிருந்துதான் வருகிறதா என்று சரிபார்க்க உதவும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றையும் டிஎன்எஸ்ஸில் (டொமைனின் ரெக்கார்டுகள் இருக்கும் இடம்) போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலுக்கு அனுப்புகிற எல்லோருக்குமே முதல் இரண்டில் ஒன்றாவது கட்டாயம். எஸ்பிஎஃப் ரெக்கார்டு ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கலாம், மெயில் சேவை மாறும்போது பழையதை விட்டுவைத்துப் புதிதாக இன்னொன்று சேர்த்தால் இரண்டுமே செல்லாது.

உங்கள் வணிகப் பக்கத்தில் இதைப் படங்களோடு விளக்கமாக வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இங்குள்ள தமிழ்ச் சங்கங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வியாபாரிகளை உட்கார வைத்து, அவரவர் போனிலேயே ரெஜிஸ்ட்ரார் கணக்கைத் திறந்து பார்க்கச் சொல்லிக் கொடுத்தாலும் நல்லது.

- ஒரு வாசகர், தாராவி, மும்பை